தீர்மானம் மாறவில்லை, வழி மாறியது



நம் கூட்டமைப்பின் சிறப்பு மலருக்கு ஏதாவது ஒரு வரலாறு எழுதிக் கொடு என்று எங்கள் ஊக்குநர் அக்கா கேட்டாங்க. நம்ம குழு ஆரம்பித்த கதையையே எழுதலாம் என்று நினைத்து, பீரோவில் இருந்த பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அப்போது ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கம் என் கையெழுத்திலேயே இருந்தது.

"தொடர்ந்து மூன்று தவணை கட்டாத உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்குவது என்றும், அவரது சேமிப்புத் தொகையைக் கடனில் கழித்துக் கொள்வது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. நீக்கப்பட்ட அந்த அக்காவின் கையெழுத்து மட்டும் இல்லை. அன்றைக்கு அவங்க கர்ப்பப்பை ஆபரேஷன் செய்து பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாங்க. அவங்களைக் கேட்காமலே ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டோம். விதி என்றால் விதிதான், ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பாங்க என்று பேசிக்கொண்டோம். நாங்க உறுதியாக இருக்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போகும்போது, அந்த அக்கா வீட்டு வாசலில் வட்டிக்காரர் பைக் நின்றதைப் பார்த்தேன். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. யாரும் வட்டிக்காரரிடம் போய் நிற்கக் கூடாது என்றுதானே குழுவே ஆரம்பித்தோம்? அவங்களை அங்கே அனுப்பி வைத்தது நாங்கதான்.

அந்த மனக்குறையோடு இருந்தபோதுதான் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே குஜராத்தில் இருக்கும் சேவா அமைப்பைப் பற்றிச் சொன்னாங்க. கேட்கக் கேட்க, நாங்க எங்கே தப்புப் பண்ணினோம் என்று புரிந்தது. அதனால் எங்கள் குழு வரலாறுக்குப் பதிலாக அந்த வரலாறை எழுதுகிறேன். நம்மைப் போன்ற பெண்களின் வரலாறுதான் அது.

மில் ஊரில் மில்லுக்கு வெளியே இருந்த பெண்கள்

குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் இருக்கும் அகமதாபாத், அந்தக் காலத்தில் பஞ்சாலைகளால் பெயர் பெற்ற ஊர். 1918-ல் அங்கே மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, காந்தி அவர்களோடு நின்றார். மில் முதலாளி குடும்பத்தில் பிறந்த அனசூயா சாராபாய் என்ற அம்மாவும் தொழிலாளர் பக்கம் நின்றார். அதன் தொடர்ச்சியாக 1920-ல் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அனசூயாவை எல்லோரும் மோட்டாபென் என்று கூப்பிட்டாங்க. பெரிய அக்கா என்று அர்த்தம்.

அந்தச் சங்கத்தில் 1954-ல் பெண்கள் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். மில் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தையல் போன்ற தொழில் சொல்லிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அடுத்த வருடம் இலா பட் என்ற இளம் வழக்கறிஞர் சங்கத்தின் சட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1933-ல் அகமதாபாத்தில் பிறந்தவர். 1968-ல் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. இலாபென் என்று அவரைக் கூப்பிடுவார்கள்.

மில்லுக்குள் வேலை செய்தவர்களுக்குச் சங்கம் இருந்தது. மில்லுக்கு வெளியே இருந்த பெண்களுக்கு ஒன்றுமில்லை. துணிச் சந்தையில் மூட்டையைத் தலையில் சுமப்பவர்கள், கைவண்டி இழுப்பவர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள், இப்படி ஊரே இவர்கள் உழைப்பில்தான் ஓடியது. ஆனால் தொழிலாளி என்று எந்தக் கணக்கிலும் இவர்கள் பெயர் கிடையாது.

1971-ல் துணிச் சந்தையில் சுமை தூக்கும் பெண்கள் இலாபென்னிடம் வந்தாங்க. எத்தனை நடை தூக்கினோம் என்று வியாபாரிகள் சரியாகக் கணக்கு வைப்பதில்லை, கூலி குறைகிறது என்றாங்க. இலாபென் இதைப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் கோபப்பட்டு, நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம், இவ்வளவு கொடுக்கிறோம் என்று பதில் எழுதினார்கள். இலாபென் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. அவர்கள் எழுதியதையே சின்ன அட்டைகளில் அச்சடித்து அந்தப் பெண்களிடம் கொடுத்தார். நீங்களே சொன்ன கூலி இது, இதைக் கொடுங்கள் என்று பெண்கள் அட்டையைக் காட்டிக் கேட்டார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடையாகப் போட்ட கல்லையே படிக்கல்லாக்கிட்டாங்க.

முதலாளி யார் என்று கேட்டார்கள்

1971 டிசம்பரில் இந்தப் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். சுயதொழில் பெண்கள் சங்கம் என்பது அதன் பொருள். சுருக்கமாக சேவா என்று பெயர்.

பதிவு செய்யப் போனால் தொழிலாளர் துறை மறுத்தது. தொழிற்சங்கம் என்றால் முதலாளி இருக்க வேண்டும், உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

அந்த இடத்தில் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணியிருக்கலாம். சரி, முடியாது போலிருக்கு என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். அல்லது வாசலில் உட்கார்ந்து கத்திவிட்டு அதோடு ஓய்ந்திருக்கலாம். இவர்கள் இரண்டும் செய்யவில்லை. சங்கம் என்பது யாரையாவது எதிர்ப்பதற்காக மட்டும் இல்லை, தொழிலாளர்கள் ஒன்றாக இருப்பதற்காகவும்தான் என்று திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். 1972 ஏப்ரலில் சேவா தொழிற்சங்கமாகப் பதிவானது.

வங்கி வாசலில்

சங்கம் வந்தாலும் கடன் தொல்லை தீரவில்லை. முதல் போட வட்டிக்காரரிடம் வாங்கணும், கூடையையும் வண்டியையும் தினவாடகைக்கு எடுக்கணும், சாயங்காலம் கையில் நிற்பது சொற்பம். இதிலிருந்து பெண்களை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுதான் சேவாவின் தீர்மானம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வழிதான் மாறிக்கொண்டே வரும்.

1969-ல் 14 பெரிய வங்கிகளை அரசு தேசியமயமாக்கியிருந்தது. ஏழைகளுக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால் சேவா முதலில் வங்கி வழியைத்தான் பிடித்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பெண்களை அழைத்துப் போய்க் கடன் வாங்கித் தந்தார்கள்.

ஆனால் வங்கி நேரமும் இவர்கள் வியாபார நேரமும் ஒன்றாகவே இருந்தது. வேலை செய்த சேலையோடு, இடுப்பில் குழந்தையோடு, சில்லறையை முடிந்துகொண்டு போய் நின்றால் அங்கே மதிப்பு இல்லை. நமக்கும் இது தெரியாத அனுபவம் இல்லை. வாங்கிய கடனில் மிச்சம் பிடித்ததைப் பத்திரமாக வைக்கவும் இடம் இல்லை. வீட்டில் வைத்தால் வீட்டுக்காரர் எடுத்துவிடுவார்.

1973 டிசம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் சந்தாபென் என்ற பழைய துணி வியாபாரம் செய்யும் அம்மா, நமக்கே ஒரு வங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாங்க. வங்கிக்கு நிறையப் பணம் வேண்டும், நம்மிடம் பணம் இல்லையே என்றார் இலாபென். ஏழைகள் என்றாலும் நாம் நிறைய பேர் இருக்கிறோமே என்று பதில் வந்தது. படித்த வழக்கறிஞருக்குத் தோன்றாத வழி, படிக்காத அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரே ராத்திரியில் கையெழுத்து

ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை. 4,000 பெண்கள் போட்டார்கள். இப்போது 10 ரூபாய் சின்னதாகத் தெரியலாம். 1974-ல் கூடைக்காரப் பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை.

கூட்டுறவு வங்கியாகப் பதிவு செய்யப் போனால் மறுபடியும் தடை. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று பதிவாளர் தரப்பில் தயங்கினார்கள். பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவரவர் பெயரை எழுதிப் பழகினார்கள். போய்க் கையெழுத்துப் போட்டார்கள். 1974 மே மாதம் சேவா வங்கி பதிவானது.

சரி, அந்தச் சில பேர் பழகிக்கொண்டார்கள். மற்ற ஆயிரக்கணக்கான பெண்கள்? எல்லோரும் எழுதப் படிக்கக் கற்ற பிறகு கணக்குத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அதனால் வழியை மாற்றினார்கள். கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவைப் பாஸ்புக்கில் ஒட்டினார்கள். முகமே கையெழுத்து ஆனது. வங்கிக்கு வர நேரமில்லாத பெண்களிடம் வங்கியின் ஆட்களே தேடிப் போய்ச் சேமிப்பை வாங்கி வந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்கணும். சொந்த வங்கி வந்துவிட்டதே என்று உடனே கடனை அள்ளி வீசவில்லை. முதலில் சேமிப்பைச் சேர்ப்பதில்தான் கவனம் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் கடனைத் தேசிய வங்கிகள் வழியாகவே தொடர்ந்து வாங்கித் தந்தார்கள். 1976-லிருந்துதான் சொந்தப் பணத்தில் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். நம்மை மதிக்காத இடத்துக்கு இனிமேல் போகவே மாட்டோம் என்று வீம்பு பிடித்திருந்தால், அந்த இரண்டு வருடமும் பெண்கள் மறுபடி வட்டிக்காரரிடம்தான் போயிருப்பார்கள்.

தவணை கட்டாத பெண்கள்

இந்தப் பகுதியைக் கேட்டபோதுதான் பயிற்சியில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சேவாவிலும் தவணை கட்டாதவர்கள் இருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டாமல், ஏன் கட்டவில்லை என்று அவர்கள் வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். போன இடத்தில் நோயில் படுத்தவர்கள் இருந்தார்கள். பிரசவத்தில் உடம்பு கெட்டவர்கள் இருந்தார்கள். சில வீடுகளில் கடன் வாங்கிய பெண் பிரசவத்தில் இறந்தே போயிருந்தாள்.

கடனைத் திருப்பிக் கட்டணும் என்ற விதியை சேவா விட்டுக்கொடுக்கவில்லை. அது மற்றப் பெண்களின் சேமிப்புப் பணம், விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆனால் பெண்ணின் உடம்பு சாய்ந்தால் தவணையும் சாயும் என்று புரிந்துகொண்டு, பேறுகால உதவி, உடல்நலம், குழந்தைகள் காப்பகம் என்று அடுத்தடுத்த வேலைகளில் இறங்கினார்கள். 1992-ல் நோய், விபத்து, சாவு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு கொண்டுவந்தார்கள். வங்கிக் கணக்கில் வந்த ஒரு தடையைப் பார்த்து, அதிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். நாங்களோ ஆஸ்பத்திரியில் கிடந்தவங்களை நோட்டிலிருந்து அடித்தோம்.

வளையாமல் நின்ற இடம்

இதெல்லாம் படித்துவிட்டு, சேவா எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1981-ல் மருத்துவப் படிப்பில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு இருந்த இட ஒதுக்கீட்டை எதிர்த்து அகமதாபாத்தில் பெரிய கலவரம் நடந்தது. சேவா உறுப்பினர்களில் தலித் பெண்கள் நிறைய பேர். இலாபென் வெளிப்படையாக அவர்கள் பக்கம் பேசினார். தாய்ச் சங்கமான பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. சேவாவை வெளியேற்றியது.

பிறந்த வீட்டிலிருந்து துரத்தின மாதிரிதான். பேசாமல் இருந்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் யாருக்காகச் சங்கம் ஆரம்பித்தோமோ அவர்களைக் கைவிடுவது வழியை மாற்றுவது ஆகாது, தீர்மானத்தையே விடுவது ஆகும். அதனால் அங்கே வளையவில்லை. தனியாக நின்றார்கள், வளர்ந்தார்கள். இன்று சேவாவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். தெரு வியாபாரிகளுக்கான சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதற்கும் இவர்களின் பல வருடப் போராட்டம் ஒரு காரணம். 1977-ல் மகசேசே விருது பெற்ற இலாபென் 2022 நவம்பரில் காலமானார்.

நம்ம தமிழ்நாட்டில்

இது ஏதோ வடநாட்டுக் கதை என்று விட வேண்டாம். சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மா உழைக்கும் பெண்கள் அமைப்பை ஆரம்பித்தபோது, அவர்களும் முதலில் வங்கிகள் வழியாகத்தான் சிறு வியாபாரப் பெண்களுக்குக் கடன் வாங்கித் தந்தார்கள். அதில் சிக்கல்கள் வரவே, 1981-ல் தங்களுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

நம் சுய உதவிக் குழுக்களுக்கு வருவோம். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், ஐ.நா.வின் வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. வங்கி என்றால் அடமானம் கேட்கும், பதிவுச் சான்று கேட்கும். நம் குழுக்களுக்கு இரண்டும் கிடையாது. அப்படியும் பதிவு செய்யாத குழுவின் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம், குழுவின் சேமிப்பையும் நடவடிக்கையையும் பார்த்துக் கடன் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. வங்கிகளே வழியை மாற்றியதால்தான் நம் தீர்மான நோட்டுக்கு ஒரு மதிப்பு வந்தது. அந்த நோட்டில் நாம் என்ன எழுதுகிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

மறுபடியும் எங்கள் நோட்டு

போன மாதக் கூட்டத்தில் அந்தப் பழைய பக்கத்தை எடுத்து நானே வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. பிறகு ஒரு தங்கச்சி கேட்டுச்சு: "இப்படி இளகினா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணம் சொல்ல மாட்டாங்களா அக்கா?"

நல்ல கேள்விதான். அதனால்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும் என்று பேசி முடிவு செய்தோம். இனிமேல் யாராவது இரண்டு தவணை விட்டால், அடுத்த கூட்டத்துக்குள் இரண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டு வரணும். நோய், பிரசவம், சாவு என்றால் தவணைத் தொகையைக் குறைத்து மாதத்தைக் கூட்டிக் கொடுக்கணும். அசல் தள்ளுபடி கிடையாது. கட்டணும் என்பதில் மாற்றம் இல்லை. எப்போது, எவ்வளவு என்பதில் மட்டும் இடம் விடுகிறோம். சம்பந்தப்பட்ட உறுப்பினரைக் கேட்காமல் யாரையும் நீக்கக் கூடாது. இதையும் என் கையால்தான் எழுதினேன்.

நானும் ஊக்குநர் அக்காவும் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். காபி போட்டுக் கொடுத்தாங்க. நாங்க செய்தது தப்புதான் அக்கா, திரும்பக் குழுவுக்கு வாங்க என்றேன். "அன்னிக்கு ஒருத்தியாவது வந்து பார்த்திருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை. கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாங்க.

இதை எழுதும் வரைக்கும் அவங்க வரவில்லை. வருவாங்க என்று நம்புகிறோம். வராவிட்டாலும் அடுத்த மாதமும் போய்க் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

சகோதரிகளே, இந்த மலரைப் படித்து முடித்ததும் உங்கள் குழுவின் பழைய தீர்மான நோட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எதற்காக ஆரம்பித்தோமோ அது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் குறுக்கே நிற்கும் விதி ஏதாவது இருந்தால், கூடிப் பேசி மாற்றுங்கள். நோட்டில் இன்னும் வெள்ளைப் பக்கம் இருக்கத்தானே செய்கிறது.